முழங்காலுக்குள் சுகிர்தம்

குற்றாலத்தில் அருவி டூட்டி பார்க்கும் பெண் போலீஸ்களில் முத்துச்செல்வியின் விசிலுக்குத் தனிப் பெயர் உண்டு. அவள் ஊதினால் செங்கோட்டையில் ரயில் நின்றுவிடும் என்பார்கள். நிற்காது. ஆனால் ஒருதரம் கார்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தார் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கார்டு சொல்லவில்லை; ஆகவே பாதியை நம்பி மீதியைத் தள்ளிவிடலாம்.

வயது முப்பத்தைந்து. புருஷன் பட்டாளத்தில், வடக்கே பனிமலை ஓரம். குத்துக்கல்வலசையில் புதிதாக எழும்பிய வீட்டு வரிசையின் கடைசி வீட்டில் அவளும் அவளைப் பெற்ற முப்பிடாதியும் இருந்தார்கள். இரண்டே பேர். அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு மூன்று பேர் ஆனார்கள். மூன்றாவது ஆள் முத்துச்செல்வியின் இடது முழங்காலுக்குள் குடியிருந்தாள்.

அவள் பெயர் சுகிர்தம். சிவகிரிக்காரி. உயிரோடு இருந்தவரை முத்துச்செல்வியோடு அவளுக்குப் பழக்கம் மொத்தம் நாற்பது நிமிடம். அதில் பாதி சண்டை.

சர்ச் சபைப் பெண்களோடு வேனில் வந்து இறங்கிய சுகிர்தம், தலை நிறைய நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, கையில் ஒரு ஷாம்பு பாக்கெட்டோடு பெண்கள் பக்கத்துக்கு வந்தாள். அருவியில் சோப்பும் ஷாம்புவும் கூடாது என்று முத்துச்செல்வி மறித்தாள்.

"ஷாம்பு போடாம இந்தத் தலைய என்ன செய்ய? அப்பளம் பொரிக்கவா?"

"பொரிங்க. வேன்ல போய்ப் பொரிங்க. இங்கன கூடாது."

"உங்களுக்கு அருவிய யாரும் சீதனமா எழுதித் தந்துட்டாவளோ?"

முத்துச்செல்வி பாக்கெட்டை வாங்கிக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "போறப்போ வாங்கிக்கிடுங்க."

"வாங்காம போவ மாட்டேன்," என்றாள் சுகிர்தம். அவள் சுபாவம் அப்படி. சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளம் மத்தியானம் வந்தது. மலைமேல் எங்கேயோ பெய்த மழை, கீழே வெயில். முதலில் அருவியின் சத்தம் மாறியது. ஒரு பெரிய மிருகம் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டதுபோல ஒரு கணம் சத்தமே இல்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அதன்பின் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிற்று. சைரன் கத்தியது. பெண்கள் துணியை வாரிக்கொண்டு ஓடினார்கள். முத்துச்செல்வி ஓடவில்லை. இடது காலைப் பாறை இடுக்கில் செருகி நின்று, வந்த கைகளையெல்லாம் பிடித்துக் கம்பிவேலிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு கைகள் மிஞ்சின. வலது கைக்குள் மெஹர் பானு என்ற ஒன்பது வயதுப் பிள்ளையின் கை. இடது கைக்குள் எண்ணெய் வழுக்கும் சுகிர்தத்தின் மணிக்கட்டு.

அப்புறம் முழங்காலுக்குள் பனைமட்டை முறிகிற சத்தம் கேட்டது. பிள்ளை கம்பியைப் பிடித்துவிட்டது. இடது கை வெறுங்கையாக இருந்தது.

மறுநாள் காலையில் சுகிர்தத்தைக் கீழே தோப்பு ஓரத்தில் எடுத்தார்கள்.

"முட்டி கழண்டது, கை நழுவிட்டு" என்று முத்துச்செல்வி வாக்குமூலம் கொடுத்தாள். அதையே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னாள், புருஷனிடம் போனில் சொன்னாள், சுதந்திர தினத்தன்று சான்றிதழ் வாங்கியபோது மேடையிலும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த வாக்கியம் ஆற்றுக்கல்போல வழவழப்பாகிவிட்டது. ஆனால் தனியே கண்ணை மூடினால் அது வழுக்கியது. ஒரு நாள் மட்டை முறிகிற சத்தம் முதலில் கேட்கும், பிறகு கை காலியாகும். மறுநாள் கை முதலில் காலியாகும், அதற்குப் பிறகுதான் மட்டை முறியும். எது முந்தி என்பது அவளுக்குத் தெரியவில்லை. முழங்கால் முந்தி என்றால் அவள் விழுந்தவள். கை முந்தி என்றால் அவள் விட்டவள். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்சிமிட்டல் நேரம்தான். அந்த இடுக்கில் சுகிர்தம் உட்கார்ந்திருந்தாள்.

வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்தது. முத்துச்செல்வி ஒன்றும் சொல்லாமல் டூட்டிக்குப் போனாள். நேராக நடந்தால் சுகிர்தமும் சத்தம் காட்டாமல் கூட வருவாள். படியேறலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஆனால் இடது காலை ஊன்றி வலது பக்கம் திரும்பினால் போதும். உள்ளேயிருந்து யாரோ கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுப்பார்கள். எலும்பு எலும்பை விட்டு நழுவும். முத்துச்செல்வி தரையில் கிடப்பாள்.

முப்பிடாதிதான் முதலில் கண்டுபிடித்தாள். மகள் வெயிலில் வந்து, காய்ந்த காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தாள். வலது பாதம் தடம் வைக்கவில்லை. இடது பாதம் வைத்த இடமெல்லாம் ஈரம். முப்பிடாதி துணியால் துடைத்து முகர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது யாரு வாசம்?"

"சும்மா கிட யம்மா. வேர்வ."

"வேர்வ ஒத்தக் காலுலயா வரும்? நான் ரெண்டு காலுலயும் வேர்த்துத்தான் அறுவது வருசம் நடந்திருக்கேன்."

வெள்ளத்தன்று கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து அந்த ஷாம்பு பாக்கெட் வந்தது. மகளிடம் அதன் கதையைக் கேட்டு வாங்கிய முப்பிடாதிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் மகளை அச்சன்புதூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மாடன் என்று ஒரு பேயோட்டி இருந்தார். அவர் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வயல் ஓரத்தில் ஒரு புளியமரம். அடிமரம் முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்து முடி. பேய் பிடித்தவளை ஆடவிட்டு, அவள் வாயாலேயே போகச் சம்மதம் வாங்கி, உச்சிமுடியை அறுத்து மரத்தில் வைத்து அறைந்துவிட்டால், பேய் மரத்தோடு நின்றுவிடும். ஆணியைப் பிடுங்குகிறவரை அது அசையாது. அந்த மரத்தில் காக்கை உட்காராது என்பார்கள். உட்கார இடம் இல்லை என்பதுதான் நிஜம், அவ்வளவு ஆணி.

மாடன் உடுக்கையை அடித்தார், வேப்பிலையை வீசினார். முத்துச்செல்வி காக்கிப் பேண்ட்டோடு சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்தில் மாடனுக்குத்தான் வேர்த்தது. உடுக்கையைக் கீழே வைத்தார்.

"ஆச்சி, உள்ள இருக்கது வேதக்காரப் பொம்பளயா?"

"ஆமா. சிவகிரி சர்ச்சுக்காரி."

"அப்ப என்னைய எதுக்குச் சிரமப்படுத்துதிய? நான் இங்கன உடுக்கடிக்கேன், அது அங்கன ஞானப்பாட்டு படிக்கி. நம்ம பாஷை அதுக்குச் சரிப்படாது. அவ ஆளு யாராச்சும் வந்து கூப்பிடணும்."

முத்துச்செல்வி திரும்பும் வழியெல்லாம் சிரித்தாள். பேருந்து தென்காசி நிறுத்தத்தில் நின்றபோது சிரித்துக்கொண்டே வலது பக்கம் திரும்பி இறங்கினாள். முழங்கால் நழுவியது. நடத்துநர் பிடித்ததால் பல் தப்பியது. வீடு வரை சிரிக்கவில்லை.

குடியரசு தின அணிவகுப்பில் விஷயம் வெளியே வந்தது. நூறு பேர் வரிசை. வலது பக்கம் திரும்பச் சொல்லி உத்தரவு. தொண்ணூற்றொன்பது பேர் திரும்பினார்கள். முத்துச்செல்வியின் உடம்பு திரும்பியது, இடது முழங்கால் திரும்பவில்லை. மாவட்டமே பார்க்கத் தரையில் விழுந்தாள். இன்ஸ்பெக்டர் உமாராணி திட்டவில்லை. பக்கத்தில் குனிந்து, "எத்தன நாளா மறைக்கே?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் தென்காசியில் ஒரு எலும்பு டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் ஜோஷ்வா இளவயது. முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். இழுத்த இழுப்புக்கு அது வந்தது. முத்துச்செல்விக்கு அது தெரிந்த பிடி. ஆறு மாதமாக உள்ளேயிருந்து இழுத்த கையும் இதே இடத்தைத்தான் பிடித்து, இதே திசையில்தான் இழுத்தது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து அவர் விளக்கினார். "முட்டிக்குள்ள ரெண்டு நார் குறுக்கும் நெடுக்குமா ஓடும். புஸ்தகத்துல சிலுவை நார்னு போட்டிருக்கும். உங்களுக்கு முன்னால உள்ளது அறுந்துபோச்சு. அதான் எலும்பு முன்னால நழுவுது."

"சிலுவையா," என்றாள் முப்பிடாதி. மகள் காதுப்பக்கம் சாய்ந்தாள். "கேட்டியா? தோதா இடம் பாத்துத்தான் உக்காந்திருக்கா."

"பெருசா கிழிக்க மாட்டோம் ஆச்சி. சாவி நுழையுத அளவுக்கு ரெண்டு ஓட்ட. ஒண்ணு வழியா கேமரா போவும், இன்னொண்ணு வழியா கருவி. நார் எடுக்க மட்டும் ஒரு சின்னக் கீறல். தொடையில உள்ள நார எடுத்து, எலும்புல ஓட்ட போட்டு, உள்ள கோத்து, ஸ்க்ரூ வச்சு இறுக்கிருவோம்."

முப்பிடாதி அதுவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூ என்றதும் ஆட்டம் நின்றது.

"ஆணியா?"

"ஆணி இல்ல ஆச்சி. ஸ்க்ரூ. திருகாணி."

"அது இன்னும் மோசம்லா. ஆணியாவது பிடுங்கலாம்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. முத்துச்செல்விக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முப்பிடாதி வாய்விட்டே சொல்லிவிட்டாள். "ஏட்டி, பேய வெளிய எடுத்து மரத்துல ஆணி அடிக்கது கேள்விப்பட்டிருக்கேன். பேய உள்ள வச்சுக்கிட்டே எலும்புல ஆணி அடிக்கது எங்கயாச்சும் உண்டா? அடிச்சா அவ உன் காலோட நின்னுருவா. நீ செத்தாலும் போவ மாட்டா. ஆபரேஷனுக்கு முன்னால அவள எறக்கணும்."

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முப்பிடாதி புதன்கிழமைக்குள் சிவகிரிக்கு இரண்டு தரம் போய்வந்தாள். எங்கே போனாள் என்று மகளிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி அறைக் கதவை யாரோ தட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஐம்பது வயது மனிதர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முத்துச்செல்விக்கு ஆளைத் தெரியவில்லை.

"ஜெபசிங். சிவகிரியில பலசரக்குக் கட வச்சிருக்கேன்," என்றார். "சுகிர்தத்தோட வீட்டுக்காரன்."

முத்துச்செல்வி எழுந்திருக்கப் பார்த்தாள். இடது கால் எழவில்லை.

"இருங்க, இருங்க. ஆச்சி வந்து எல்லாம் சொன்னாவ." பழத்தைக் கட்டில் ஓரம் வைத்தார். "எனக்கு இதுல நம்பிக்க கிடையாது. செத்தவ கர்த்தர்ட்ட போயாச்சுன்னுதான் எங்க சர்ச் ஐயர் சொல்லுதாரு. ஆனா ஆச்சி அந்த ஷாம்பு விசயத்தச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவளேதான். வாங்காம போவ மாட்டேன்னு சொல்லியிருப்பா."

"அண்ணாச்சி, நீங்க வந்து ஒரு வார்த்த கூப்பிடுங்க," என்றாள் முப்பிடாதி. "உங்க குரலுக்குக் கட்டுப்படுவா."

"என் குரலுக்கா? இருபத்திமூணு வருசம் கூப்பிட்டுப் பாத்திருக்கேன் ஆச்சி. சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட மூணாவது சத்தத்துக்குத்தான் வருவா." பழச்சீப்பைக் கட்டிலுக்கு உள்பக்கமாகத் தள்ளி வைத்தார். "வாரேன். காலையில வந்து கூப்பிடுதேன். இப்படியாச்சும் அவ பேரச் சொல்லிக் கூப்பிட ஒரு எடம் கிடைச்சுதே."

கிளம்பும்போது வாசலில் நின்று முத்துச்செல்வியைப் பார்த்தார். "நீங்க கால் ஒடியுத வரைக்கும் அவளப் பிடிச்சிருந்திய. அத நான் மறக்க மாட்டேன்."

அவர் போன பிறகு முப்பிடாதி பழத்தைப் பிய்த்து நீட்டினாள். முத்துச்செல்வி வாங்கவில்லை.

"கேளு," என்றாள் முப்பிடாதி. "ஸ்க்ரூ போடுததுக்கு முன்னால வெளிய நான் சைகை காட்டுவேன், அவரு மூணு தரம் கூப்பிடுவாரு. மாடன்ட்ட கேட்டுட்டேன். உள்ளேயிருந்து நீ ஒரே வார்த்த சொல்லணும். 'விட்டேன்'னு. நீ விட்டாத்தான் அவ போவா. சொல்லுவியா?"

"சொல்லுதேன்," என்றாள் முத்துச்செல்வி. உலகத்தில் அவள் சொல்லப் பயந்த ஒரே வார்த்தை அதுதான் என்று முப்பிடாதிக்குத் தெரியாது.

காலையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு வேறு யாருடையதோ ஆகிவிட்டது. நடுவில் ஒரு பச்சைத் திரை. மேலே கம்பியில் பெரிய உப்புத் தண்ணீர்ப் பைகள் தொங்கின. அந்தத் தண்ணீர் குழாய் வழியாக முழங்காலுக்குள் போய்ச் சுற்றி வெளியே வந்துகொண்டிருக்கும் என்று நர்ஸ் எப்சிபா சொன்னாள். பக்கத்தில் ஒரு டிவிப்பெட்டி.

"அக்கா, பாக்காதிய. தல சுத்தும்."

"எனக்குப் பாக்கணும்," என்றாள் முத்துச்செல்வி.

டிவித் திரை வெளிச்சமாயிற்று. அவள் தன் முழங்காலுக்குள் நுழைந்தாள். உரித்த நுங்குபோல வெளுத்து வழவழத்த எலும்பு. சுவரெல்லாம் பாசிபோல மெல்லிய இழைகள், ஓடும் தண்ணீரில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. சத்தம் மட்டும் இல்லை. ஈரப் பாறை இருந்தது, ஓட்டம் இருந்தது, பாறைக்குப் பின்னால் ஒரு இருட்டு இருந்தது. கேமரா அந்த இருட்டுக்குள் திரும்பியது. அங்கே ஒன்று நின்றது. அடியில் தடித்து, நுனியில் பிய்ந்து ஐந்தாறு இழையாகப் பிரிந்தது. தண்ணீர் வரும்போது விரிந்து, போகும்போது குவிந்தது. நனைந்து ஊறிய ஒரு சின்னக் கை கூப்பிடுவதைப் போல.

"அதான் அறுந்த நார்," என்றார் டாக்டர் ஜோஷ்வா.

அவள் அதன் முகத்தைத் தேடினாள். முகம் இல்லை. கை மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் போய்விட்ட பிறகும் பிடித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"இது எப்படி அறும்? சும்மா நின்னா அறுமா?"

"நின்னா அறாது. பாதம் ஒரு எடத்துல மாட்டி நிக்கணும். உடம்பு சடார்னு திரும்பணும். கபடி ஆடுத பையங்களுக்குப் பாத்திருப்பிய. கால் ஊனினபடி இருக்கும், ஆளு வேற பக்கம் திரும்புவான். அப்பதான்."

"இடது கையில ஒரு பாரத்தப் பிடிச்சுட்டு நிக்கேன்னு வைங்க. வலது பக்கம் அப்படித் திரும்ப முடியுமா?"

டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் யோசித்தார். கேட்டது எதற்கென்று அவருக்குத் தெரியாது. "அந்தப் பாரம் உங்கள இந்தப் பக்கம் இழுக்கும்லா. நீங்க அந்தப் பக்கம் இவ்வளவு வேகமாத் திரும்ப முடியாது. எனக்குத் தெரிஞ்சு, கை காலியானாத்தான் உடம்பு அப்படிச் சுத்தும். எதுக்குக் கேக்கிய?"

"சும்மா."

எட்டு மாதமாக மாறி மாறி வந்த இரண்டு படங்களில் ஒன்று அணைந்துவிட்டது. மிஞ்சிய படத்தில் சத்தம் இல்லை. பிள்ளையின் கை வழுக்கியது. முத்துச்செல்வி வலது பக்கம் திரும்பினாள். திரும்புவதற்காக இடது கையைத் திறந்தாள். அதற்குப் பிறகுதான் மட்டை முறிந்தது.

டாக்டர் பிய்ந்த இழைகளைக் கருவியின் வாயால் கடித்துக் கடித்து எடுத்தார். அவை தண்ணீரோடு குழாய்க்குள் போயின. தொடையிலிருந்து எடுத்த நாரை எப்சிபா பலகையில் இழுத்துக் கட்டி நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பனைநார்போல இருந்தது. எலும்பில் துளை போடும் சத்தம் முத்துச்செல்வியின் பல்லில் அதிர்ந்தது. புது நார் சுரங்கத்துக்குள் ஏறி, இருட்டுக்குள் போய், இறுகி நின்றது.

"இனி ஸ்க்ரூ," என்றார் டாக்டர்.

முப்பிடாதி வெளியே எப்படி அறிந்தாளோ தெரியாது. தியேட்டர் கதவு இரண்டு, நடுவே ஒரு நடைவழி. அதைத் தாண்டிக் குரல் வராது என்று ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் சாதிக்கிறார்கள். ஆனால் எப்சிபா கேட்டாள். தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள்.

"சுகிர்தம்."

கடையடைத்துவிட்டு வந்து திண்ணமாகக் கூப்பிடுகிற குரல் இல்லை அது. தூங்குகிறவளை எழுப்பலாமா வேண்டாமா என்று கூப்பிடுகிற குரல்.

"சுகிர்தம், வா. வீட்டுக்குப் போவோம்."

ஊசி போட்டு மரத்துப்போன கால். சூடு தெரியாது, குளிர் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. அந்தக் காலுக்குள் முழங்கால் மட்டும் சில்லிட்டதை முத்துச்செல்வி உணர்ந்தாள். யாரோ உள்ளே எழுந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது சத்தம் வந்தது. அதற்கு அப்புறம் வெளியே எல்லோரும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். முத்துச்செல்வி வாயைத் திறந்தாள். ஒருமுறை விட்டாயிற்று. இன்னொருமுறை விட்டேன் என்று சொல்ல அவளால் ஆகவில்லை.

"என்னக்கா? வலிக்கா?" என்றாள் எப்சிபா.

"இல்ல." டாக்டர் பக்கம் பார்த்தாள். "போடுங்க சார். நல்லா இறுக்கிப் போடுங்க."

இரண்டு மாதம் பெல்ட்டும் ஊன்றுகோலும். பிறகு பயிற்சி. முப்பிடாதி ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. எட்டாவது நாள் சமையலறையிலிருந்து, "ரெண்டு பேருக்கு தோச ஊத்தவா, மூணு பேருக்கா?" என்று சத்தம் கொடுத்தாள். அன்றிலிருந்து சுகிர்தம் அந்த வீட்டில் வாடகை தராத குடித்தனக்காரி ஆனாள். முப்பிடாதி தரையைத் துடைக்கும்போதெல்லாம் ஈரத்தடத்தைப் பார்த்து அவளைத் திட்டினாள். "தினமும் குளிக்கணுமா ஒனக்கு? அருவியில குளிச்சது காணாதா?"

முழங்கால் நழுவவே இல்லை. இடது பக்கம், வலது பக்கம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நார் பிடித்துக்கொண்டது. ஆனி மாதம் முத்துச்செல்வி தனியே பேருந்து ஏறிச் சிவகிரிக்குப் போனாள்.

ஜெபசிங் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அவள் கடைப்படியில் ஏறாமல் கீழே நின்று சொன்னாள்.

"அண்ணாச்சி, நான் எல்லாருட்டயும் முன்னப்பின்ன மாத்திச் சொல்லிட்டேன். முட்டி போனதால கை நழுவல. நான் கைய விட்டேன். அதுக்கப்புறம்தான் முட்டி போச்சு."

தராசுத் தட்டு ஆடி நின்றது. ஒரு அம்மாள் வந்து சீரகம் கேட்டாள். அவர் மடித்துக் கொடுத்து அனுப்பினார். அந்த அம்மாள் தெருமுனை திரும்பிய பிறகுதான் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்காவவா?"

"ஆமா. யோசிச்சு விட்டேனான்னு கேட்டா தெரியல. ஆனா விட்டேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"சுகிர்தத்துக்கு."

"தெரியும். அதான் இழுத்துக்கிட்டே இருந்தா."

"இப்பவும் இழுக்காளா?"

"இப்ப இழுக்கல." முத்துச்செல்வி காலைப் பார்த்தாள். "ஆனா இருக்கா."

ஜெபசிங் சாக்கு வாயை மடித்துக் கட்டினார். கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்.

"ஆடியில அவளுக்கு ஒரு வருசம் நிறையுது. ஞாயித்துக்கிழம எங்க வேதக்கோயில்ல நினைவு ஆராதன வச்சிருக்கு. கூட்டிட்டு வாங்க," என்றார். "உங்களக் கூப்பிடல. அவளத்தான் கூப்பிடுதேன். நீங்க வராம அவ வர முடியாதுல்லா."

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வி காக்கி உடுத்தாமல் சேலை கட்டிக்கொண்டு போனாள். கூடவே முப்பிடாதி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. கோயிலில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஜெபசிங்கின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் ஒரு மேசையில் சுகிர்தத்தின் படம். படத்திலும் யாரையோ மறித்துப் பேசத் தயாராக இருப்பவள்போலத்தான் இருந்தாள்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று இருவருக்கும் தெரியாது. முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார்கள். ஐயர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் ஒருவரும் அசையவில்லை. மின்விசிறிகள் மட்டும் சுற்றின.

அப்போது முத்துச்செல்வியின் இடது முழங்கால் பெஞ்சை விட்டு இறங்கியது. நழுவவில்லை, இழுக்கவில்லை. வருஷக்கணக்காய்ப் பழகிய முழங்கால்போல அலுங்காமல் மடங்கித் தரையில் ஊன்றிற்று. வலது கால் அதன்பின் தட்டுத்தடுமாறி இறங்கியது.

"பாவ அறிக்கைக்காக முழங்காற்படியிடுவோம்," என்றார் ஐயர்.

பெஞ்சுகள் கிரீச்சிட, சபை முழுவதும் மண்டியிட்டது. ஜெபசிங் முழங்காலிடும்போது ஒருமுறை பின்னால் பார்த்தார். தனக்கு முன்பே முழங்காலில் நின்றவளைப் பார்த்தார்.

முப்பிடாதி குனிந்து மகள் காதில் பதறினாள். "ஏட்டி, ஆறு மாசத்துக்கு முட்டி போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"நான் போடல யம்மா," என்றாள் முத்துச்செல்வி.